தோப்புத்துறை மேஸ்திரி போட்டுக்கொடுத்த செப்டிக் டேங்க்: மூன்று மழைக்காலம் பார்த்தபின்

எங்கள் வீடு வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. கால் வைத்தால் புதையும் மணல். கோடையில் ஆறடி தோண்டினால் ஊற்று வந்துவிடும். கார்த்திகையில் ஓரடியிலேயே கசியும். முல்லையும் கடலையும் மாவும் விளைகிற மண் என்று எங்களுக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் இந்த மண்ணில் கக்கூசுக்குத் தொட்டி புதைப்பது தனி வேலை. தெரியாத ஆளிடம் ஒரு தடவை, தெரிந்த ஆளிடம் ஒரு தடவை என்று இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன். தெரிந்த ஆளின் வேலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் தடவை நடந்ததைச் சொல்லாமல் போனால் இரண்டாவது வேலையின் அருமை விளங்காது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது பழைய ஓட்டு வீட்டின் கூரை போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து 2021இல் புது வீடு கட்டினோம். வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை மூன்றரையடி உயர்த்தினோம். நான், என் வீட்டுக்காரர், எண்பத்தொரு வயது மாமியார், மகன், மருமகள், அப்போது பிறக்கவிருந்த பேத்தி என்று ஆறு பேருக்கான வீடு. கட்டிய ஒப்பந்தக்காரர் 2000 லிட்டர் ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை வாங்கி, ஆனி மாதம் காய்ந்த குழியில் முழுக்கப் புதைத்து, மேலே ஓரடி மணல் மூடினார். அதிலிருந்து வெளியேறும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஐந்து சிமெண்ட் உறை இறக்கி, தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும்படி சோக் பிட் போட்டார். "மணல்தானே டீச்சர், எவ்வளவு விட்டாலும் உறிஞ்சிக்கும்" என்றார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. 46,000 ரூபாய்.

அந்த வருஷம் மழை எப்படிக் கொட்டியது என்பது டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஐப்பசி கடைசியில் கக்கூஸ் கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் களக் களக்கென்று சத்தம் போட்டது. கார்த்திகை பிறந்ததும் ஊற்றிய தண்ணீர் திரும்பி மேலே வந்தது. மாமியாரை நாற்காலியோடு தூக்கி, சாக்கு போர்த்தி, மழையில் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். அவர்கள் ஒரு நாளும் யாரிடமும் உதவி கேட்காத மனுஷி. அந்த நாலு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றார்கள். காரணம் எங்களுக்குத் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தால், "லாரியைக் கூப்பிட்டு எடுத்துடுங்க, சரியாயிடும்" என்றார். லாரி வந்தது. தொட்டியை அடிவரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனது. கோப்பை சரியாக இறங்கியது. நிம்மதியாகப் படுத்தோம்.

விடிகாலை கொல்லைப் பக்கம் போன வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. தொட்டி மணலைப் பிளந்துகொண்டு ஒன்றரையடி மேலே வந்து நின்றது. மூடியின் மேல் முந்தின நாள் கோலமாவு சிந்திய ஈர மணல் அப்படியே இருந்தது. நான்கு இஞ்ச் குழாய் கழுத்தோடு ஒடிந்து, ஒரு முனை வானம் பார்த்துக் கிடந்தது. சுற்றிலும் மணல் வட்டமாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் தண்ணீர் மினுங்கியது.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை வருஷா வருஷம் வாளியும் கல்லும் வைத்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 லிட்டர் தொட்டி காலியாகத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதை மேலே தள்ளும் விசை 2000 கிலோ எடைக்குச் சமம். தொட்டியின் எடை எழுபது கிலோதான். மேலே கிடந்த ஓரடி மணல் ஏறத்தாழ அரை கன மீட்டர். மணல் தண்ணீரில் ஊறிவிட்டால் அதன் எடையில் பாதிதான் கீழே அழுத்த உதவும், அது 500 கிலோ. மிச்சம் 1400 கிலோவுக்கு மேல் தொட்டியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நிரம்பி இருந்தவரை உள்ளே இருந்த தண்ணீரின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. நாங்கள் அதையும் காசு கொடுத்து எடுத்துவிட்டோம்.

இதைவிட மனசை வதைத்தது கேணிதான். மாமனார் காலத்து உறைக் கேணி, பன்னிரண்டடி. சோக் பிட்டுக்கும் கேணிக்கும் டேப் வைத்து அளந்தால் 22 அடி. பள்ளியில் பயன்படுத்திய ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பி ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். விரல் நீளக் குப்பிக்குள் ஒரு காகிதப் பட்டை இருக்கும். தண்ணீரை நிரப்பி மூடி வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலத்தில் வாழும் கிருமிகள் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். அடுப்படி அலமாரியில் ராத்திரி வைத்தேன். காலையில் பட்டை, தண்ணீர் எல்லாம் மை ஊற்றியதுபோல் கறுப்பாக இருந்தது. மருமகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தத் தண்ணீரைத்தான் அதுவரை குடித்துக்கொண்டிருந்தாள்.

தோப்புத்துறை மேஸ்திரி எங்களுக்குக் கிடைத்தது இந்த நிலையில்தான். கடற்கரை ஓரம் இறால் குஞ்சுப் பண்ணைகளில் தண்ணீர்த் தொட்டி கட்டிப் பழகியவர். அவர் வந்ததும் எழும்பி நின்ற தொட்டியைப் பார்க்கவில்லை. "கேணி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அங்கே போனார். மூங்கில் கம்பை விட்டு மட்டம் அளந்தார். உறையின் உட்புறம் பாசி படிந்த கோட்டைக் காட்டி, "வருஷா வருஷம் இதுவரைக்கும்தான் ஏறுமா, இன்னும் மேல வருமா?" என்றார். பிறகு கொல்லையில் ஓரடிக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். நான் நாற்பது எண்ணுவதற்குள் தண்ணீர் காணாமல் போனது.

"டீச்சரம்மா, இந்த மண்ணு உறிஞ்சாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ரொம்ப உறிஞ்சுது, அதுதான் ஆபத்து. விட்ட தண்ணி சுத்தமாகறதுக்குள்ள ஊத்துல போய்ச் சேந்துடும். கேணிக்கு இறக்குற உறைய கக்கூசுக்கும் இறக்கினா அதுவும் ஒரு கேணிதான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். கீழடியில் சுடுமண் உறைக் கிணறுகளைத் தோண்டி எடுத்ததைப் படித்தபோது, நம்மவர்கள் மணலுக்குள் நல்ல தண்ணீரைத் தேடி உறை இறக்கியது எவ்வளவு பழைய அறிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே உறையை வைத்து அந்தத் தண்ணீருக்குள் கழிவை இறக்கியிருக்கிறோம் என்பது மேஸ்திரி சொல்லித்தான் உறைத்தது.

உடனே வேலையைத் தொடங்க அவர் சம்மதிக்கவில்லை. மழையில் தோண்டினால் கரை சரிந்துகொண்டே இருக்கும், மோட்டார் வைத்து இறைத்தால் சுற்றியுள்ள மணலும் சேர்ந்து வரும், வைகாசியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் தொட்டியை எழும்பிய இடத்திலேயே தண்ணீர் நிரப்பி நிறுத்தி, குழாயைத் தற்காலிகமாக இணைத்துக்கொடுத்தார். அதற்கு 1,500 ரூபாய்தான் வாங்கினார். ஆறு மாதம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். பேத்தி தை மாதம் பிறந்தாள். அவளுக்கு அந்தக் கேணித் தண்ணீரில் ஒரு நாளும் குளிப்பாட்டவில்லை.

இடையில் மகன் இந்தியத் தர நிர்ணய விதியை எடுத்துக் கொடுத்தான். ஐஎஸ் 2470, 1985ஆம் வருஷத்தது. முதல் பகுதி தொட்டிக்கு, இரண்டாம் பகுதி தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கு. நிலத்தடி நீர் 1.8 மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் சோக் பிட் வேண்டாம், தரைக்கு மேலே மேடு போட்டு அதற்குள் விடு என்று அதில் இருக்கிறது. குடிநீர்க் கேணிக்கு 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மேஸ்திரி இதைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் வாயால் சொன்ன திட்டமும் இதுவும் ஒன்றாகவே இருந்தன. கீழே போகாதே, மேலே ஏறு. அவ்வளவுதான் அவர் திட்டம்.

வைகாசியில் வந்தார். நான் புதுத் தொட்டி வாங்கக் காசு எடுத்து வைத்திருந்தேன். அவர் பழைய தொட்டியை வெளியே எடுத்து, கழுவி, நிழலில் நிறுத்தி, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தார். காலையில் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "தொட்டில குத்தமில்லம்மா, வச்ச விதத்துலதான். கழுத்த மட்டும் மாத்துனா போதும்" என்றார். முப்பதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். அவரது நேர்மைக்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

பேஸ்மட்டம் உயரமாக இருந்தது இங்கே கைகொடுத்தது. கோப்பையிலிருந்து வரும் குழாய் தரைக்கு மேலேயே தொட்டியைச் சேரும்படி வைத்ததால் தொட்டியை இரண்டரையடி மட்டும் இறக்கினால் போதுமானதாக இருந்தது. அடித்தளத்தையும் சேர்த்து மூணேகாலடிக் குழி. தண்ணீர் ஆறடியில் கிடந்ததால் மோட்டாரே தேவைப்படவில்லை. குழிக்குள் எட்டடிக்கு ஏழடி, ஒன்பது இஞ்ச் கனத்தில், இரண்டு அடுக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார். தொட்டி ஐந்தடிக்கு மூன்றரையடிதான். எதற்கு இவ்வளவு பெரிய தளம் என்று கேட்டேன். "சுத்தி நீட்டியிருக்கற ஓரத்துல மணல் உக்காரும்ல, அதுதான் தொட்டிய அமுக்கிப் பிடிக்கும்" என்றார். திரும்பவும் கணக்குப் போட்டேன். தண்ணீருக்குள் கான்கிரீட்டின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல், ஓரத்தில் உட்காரும் மணல் இரண்டரை டன். மொத்தம் நான்கு டன். தொட்டி முழுதாக மூழ்கிக் காலியாகக் கிடந்தாலும் மேலே தள்ளுவது இரண்டு டன்தான். அவர் கைக்கணக்கும் என் பேனாக் கணக்கும் ஒத்துப்போனதில் எனக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே எட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கிகளைப் புதைத்தார். சாதாரணக் கம்பியை வளைத்துப் போட்டால் இந்த உப்புக் காற்றில் அரித்துவிடும் என்றார். தொட்டியை வைத்து, லாரியில் சரக்கு இறுக்கும் பாலியஸ்டர் பெல்ட் நான்கைக் குறுக்கே போட்டு இறுக்கினார். பெல்ட் தொட்டியின் விளிம்பில் படும் இடங்களில் பழைய டயர் டியூபை வெட்டி அடியில் கொடுத்தார். நான் கேட்காமலே செய்தது அது.

அடுத்து அவர் செய்ததைச் சித்தாள்கள்கூட அதிசயமாகப் பார்த்தார்கள். ஒரு கையில் ஹோஸ் பைப், தொட்டிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெளியே இரண்டு பேர் மணல் தள்ளுகிறார்கள். உள்ளே ஓரடி ஏறினால் வெளியே ஓரடி. உள்ளே இரண்டடி என்றால் வெளியே இரண்டடி. வெளியே மட்டும் மணலைத் தள்ளினால் தொட்டியின் வயிறு உள்ளே அமுங்கும், உள்ளே மட்டும் தண்ணீர் ஏற்றினால் வெளியே பிதுங்கும் என்றார். தொட்டியின் மேல்பாதி தரைக்கு மேலே இருப்பதால் வெயில் பட்டு பிளாஸ்டிக் கெட்டுவிடாமல் சுற்றிலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர் எழுப்பி, இடைவெளியில் மணல் நிரப்பினார். மூடி மட்டும் தெரியும். தொட்டியின் வாயு வெளியேறும் வென்ட் குழாயைச் சுவரோரமாக மாடிக்கு மேல் கொண்டுபோனார். கொசு வலை கட்ட மறந்துவிட்டார். அதை நானே கட்டினேன்.

தொட்டிக்கு அடுத்து ஒரு சேம்பர். அடிப்பக்கம் மூடிய கான்கிரீட் உறை, 500 லிட்டர் கொள்ளும். உள்ளே மிதவை சுவிட்சோடு அரை எச்பி கழிவுநீர் மோட்டார். தொட்டியிலிருந்து தெளிந்து வரும் தண்ணீர் இங்கே சேர்ந்து, குறிப்பிட்ட மட்டம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி மேட்டுக்கு அனுப்பும்.

மேடுதான் இந்த வேலையின் உயிர். அதை அவர் போட்ட மூன்று நாளும் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கவே அரை நாள் ஆனது. எங்கள் கேணி வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. மேட்டைக் கிழக்கே, கடல் பக்கமாக வைத்தார். "ஊத்துத் தண்ணி கடலப் பாத்துத்தான் நகரும், கேணிக்குப் பின்னால வச்சா நமக்கு நல்லது" என்றார். எங்கள் கேணிக்கும் மேட்டின் ஓரத்துக்கும் 62 அடி. அதோடு விடவில்லை. கிழக்கு வீட்டுக்காரர்களின் கேணி எங்கே என்று வேலி தாண்டிப் போய் அளந்துவிட்டு வந்தார். நூறடிக்கு மேல் இருந்தது. நமக்கு நல்லது அடுத்தவருக்குக் கெடுதலாகக் கூடாது என்று நினைக்கிற மேஸ்திரியை நான் இவருக்கு முன் பார்த்ததில்லை.

புல்லைச் செதுக்கி, தரையை மண்வெட்டியால் கீறிவிட்டார். புது மணலும் பழைய தரையும் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்த இடத்தில் டிராக்டரை ஏறவிடவில்லை. மணலை வெளியே கொட்டச் சொல்லி அன்னக்கூடையில் சுமந்து போட்டார்கள். எங்கள் கொல்லை மணல் மாவாட்டம் இருக்கும், அது வேண்டாம் என்று பருமணல் வரவழைத்தார். இரண்டடி உயரத்துக்குப் பருமணல். அதன்மேல் நாலடி அகலம், இருபதடி நீளத்துக்கு, கழுவிய முக்கால் இஞ்ச் ஜல்லி ஒன்பது இஞ்ச் கனத்துக்கு. ஜல்லிக்குள் ஓட்டை போட்ட பிவிசி குழாய் இரண்டு வரிசை. டியூப் மட்டம் பிடித்து நுனிக்கு நுனி ஒரே அளவாக நிறுத்தினார்.

மூடுவதற்கு முன்னால் மோட்டாரைப் போடச் சொன்னார். குழாய்களை ஜல்லியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மேஸ்திரி குனிந்து முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டை வரை விரலை வைத்துக்கொண்டே நடந்தார். கடைசி நாலு ஓட்டைகளில் சொட்டு குறைவாக இருந்தது. குழாயை இறக்கி, அடியிலிருந்து ஒரு கை ஜல்லியை எடுத்துவிட்டு, மறுபடி மட்டம் பார்த்து, மறுபடி மோட்டாரைப் போட்டார். நான்காவது தடவைதான் அவருக்குத் திருப்தி. ஒரே இடத்தில் தண்ணீர் விழுந்தால் அந்த இடம் மட்டும் ஊறிக் கெட்டுவிடும், மற்ற மணல் சும்மா கிடக்கும் என்றார்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காற்றோட்டமுள்ள மணல் வழியே இறங்கும்போது மணல் துகள்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். நோய்க் கிருமிகளும் மணலில் சிக்கி மடியும். சோக் பிட்டில் இது நடக்காது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தண்ணீரோடு கலக்கும், காற்றுக்கு இடமே இல்லை. எங்கள் மேட்டில் ஜல்லியின் அடியிலிருந்து கார்த்திகை மட்டம் வரை மூன்றடி காய்ந்த மணல் இருக்கிறது. அந்த மூன்றடிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஜல்லி மேல் தென்னை நார் விரிப்பு, அதன்மேல் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக மண், மேலே அருகம்புல். சரிவோடு சேர்த்து அடியில் பதினெட்டடிக்கு முப்பத்துநாலடி இடம் பிடித்தது. என் முல்லைச் செடி பதினாறு போனது. அது எனக்கு வருத்தம்தான். மேட்டின் மேல் மரமோ வாழையோ வைக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. இவ்வளவு இடம் இல்லாதவர்கள் இந்த முறையை எடுக்க முடியாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை மேட்டுக்கு விடவில்லை. அதைத் தனிக் குழாயில் தென்னைக்கு விட்டோம், இல்லாவிட்டால் மேடு இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். பழைய சோக் பிட்டில் சுண்ணாம்பு போட்டு மணலால் மூடினார்கள். கேணியை இறைத்து, சேறு எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்.

செலவு: தளம், கம்பி, பெல்ட், கூலி 31,000. சேம்பரும் மோட்டாரும் 24,500. மேட்டுக்கு மணல், ஜல்லி, குழாய் எல்லாம் 29,000. பழைய தொட்டியை எடுத்து வைத்துச் செங்கல் கட்டியது 8,000. மொத்தம் 92,500 ரூபாய். முதலிலேயே இவரிடம் போயிருந்தால் 46,000இல் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலை இருபது நாள் இழுத்தது. இடையில் வேறு இடத்துக்குப் போய்விட்டு ஆளே வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மோட்டாருக்கு மின் இணைப்பு அவர் வேலை இல்லை என்பதைக் கடைசி நாள்தான் சொன்னார். எலக்ட்ரீஷியனைத் தேடி அலைந்தோம். பெரிய குறை 2022 மழையில் தெரிந்தது. யாரும் கக்கூசுக்குப் போகாத நடு ராத்திரியிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் பில் ஏறியது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய் சேம்பருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் பூச்சு வெடித்து, வெளியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் நூலாக உள்ளே வழிந்தது. நல்ல தண்ணீரை நாங்களே இறைத்து மேட்டில் ஊற்றிக்கொண்டிருந்தோம். சொல்லிப் பதினோரு நாள் கழித்து வந்தார். வந்ததும் பார்த்துவிட்டு, "இங்க வெறும் சிமெண்ட் நிக்காது, ரப்பர் வளையம் போட்ருக்கணும், என் தப்பு" என்றார். வளையம் போட்டு, தார் பூசிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இந்த ஒரு இணைப்பை மூடுவதற்கு முன் நேரில் நின்று பாருங்கள்.

மோட்டார் இருப்பதால் கரண்டை நம்பியிருக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் எங்கள் கரைக்கு அப்பால் கடலில் நகர்ந்தபோது இரண்டு நாள் கரண்ட் இல்லை. சேம்பர் ஒன்றரை நாள்தான் தாங்கும். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்துத் தெருவிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓட்டினோம். அந்த இரண்டு நாளும் கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. தொட்டி அசையவில்லை. கோப்பை ஒரு தடவைகூட முனகவில்லை. மாமியார் தன் அறையிலிருந்து தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள். எனக்கு அது போதும்.

கேணித் தண்ணீரை ஒவ்வொரு தை மாதமும் குப்பியில் வைத்துப் பார்க்கிறேன். 2022 ஐப்பசியில் வைத்தபோது இரண்டாம் நாள் லேசாகச் சாம்பல் பூத்தது. மறுபடி கேணியை இறைத்து மருந்து போட்டோம். 2023 தையிலிருந்து மூன்று தடவையும் மூன்று நாள் வைத்தும் நிறம் மாறவில்லை. கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் என்ற உப்பு மட்டும் மணலில் நிற்காது, தண்ணீரோடு போகும். குழந்தை இருக்கிற வீட்டில் அதைப் பார்க்காமல் விடக் கூடாது என்று போன வருஷம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். குடிநீருக்கான எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்குள்தான் இருந்தது. பேத்திக்கு இன்னும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்.

தொட்டியைச் சுத்தம் செய்ய மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, மெதுவாக அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால், சகதி எவ்வளவு உயரம் என்பது துண்டில் கறுப்பாகத் தெரியும். இந்தச் சித்திரையில் பார்த்தபோது ஓரடிக்கு மேல் இருந்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டது, சரி என்று லாரியைக் கூப்பிட்டேன். அன்று கேணியில் தண்ணீர் ஐந்தே முக்கால் அடியில் கிடந்தது. ஐப்பசி முதல் தை வரை என்ன ஆனாலும் லாரி கூப்பிடக் கூடாது, எடுத்த கையோடு தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது அவர் கட்டளை. லாரியோடு வந்த பையன், அடியில் ஒட்டியதை இறங்கிச் சுரண்டித் தருகிறேன் என்றான். இருபது வயசுகூட இருக்காது. இறங்கக் கூடாது தம்பி என்று மூடியின் மேல் கை வைத்து நின்றுகொண்டேன். உள்ளே விஷவாயு தங்கியிருக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் வருஷச் சட்டமும் அதைத் தடுக்கிறது, கொஞ்சம் சகதி கிடந்தால் அடுத்து வரும் கழிவை மட்க வைக்க அது உதவத்தான் செய்யும் என்று சொன்னேன். மோரும் கூலியும் வாங்கிக்கொண்டு போனான். லாரி தெரு முனை திரும்புவதற்குள் நான் ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் விட்டுவிட்டேன். நிரம்ப ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. மூடியைப் போட்டு, தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்தது 2028 சித்திரை.